காலைப் படகுக்குக் கொடுத்த சேலை

என் தங்க மதினிக்கு,

உங்கள் பஞ்சு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதீர்கள். நீங்கள் இரண்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. நம் இரண்டு வீட்டிலும் பெரிய படிப்பு நான்தான் என்று சொல்லும்போதெல்லாம் கரண்டியைத் தூக்குவீர்கள். இப்போது தூக்க ஆளில்லை. அதனால் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே எப்படி இருக்கிறீர்கள் மதினி? அங்கேயும் விடியும் முன்னே எழுப்பிவிடுகிறார்களா, இல்லை, நன்றாகத் தூங்க விடுகிறார்களா? நீங்கள் விடுகிற குறட்டைக்குப் பக்கத்தில் யாரையாவது படுக்க வைத்திருந்தால் அவர்கள் பாடு பாவம்.

சேதி இதுதான். தேக்கடிக்கு நாள் குறித்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை. குறித்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன், கிளம்பிவிட்டேன் என்று சொல்லவில்லை. நாம் இதற்குமுன் குறித்த நாட்களையெல்லாம் சேர்த்தால் ஒரு காலண்டர் போடலாம்.

இது ஆரம்பித்ததே ஒரு பொய்யில்தானே? தோட்டத்து முகப்பில், ரோட்டோரம், கூடையில் பன்னீர் திராட்சையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வேன் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இறங்கி, ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டே செல்போனை நம் முகத்துக்கு நேரே நீட்டினாள். தண்ணீரோரம் ஒரு யானை, அதன் காலுக்கிடையில் ஒரு குட்டி.

"காலைல படகுல போறப்ப எடுத்தது. நீங்க இவ்வளவு பக்கத்துல இருக்கீங்க, அடிக்கடி போவீங்கல்ல?"

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "போகாம? போன வாரங்கூடப் போயிட்டு வந்தோம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்தக் குட்டி அப்ப இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்துச்சு" என்றேன்.

வேன் போனபிறகு சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்து பழமெல்லாம் மண்ணில் உருண்டது. சிரித்து முடித்ததும் நீங்கள் மலைப்பக்கம் பார்த்தீர்கள். "ஏடி பஞ்சு, மெட்ராசுல இருந்து வந்து பாத்துட்டுப் போறா. நாம இங்கன பஸ்ஸேறுனா ஒரு மணி நேரம். ஒரு நாளு போயிருவோம்டி" என்றீர்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்தக் குட்டி இந்நேரம் குட்டி போட்டிருக்கும்.

இந்தக் கடிதம் நாளைக்கு வேறு யார் கையிலாவது கிடைக்கலாம், அதனால் நம் உறவை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிப்போவார்கள். உங்களை எங்கள் அண்ணனுக்குக் கட்டினார்கள். அதே பந்தலில், அதே முகூர்த்தத்தில், உங்கள் தம்பிக்கு என்னைக் கட்டினார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே தெரு, நாலு வீடு தள்ளி. திராட்சைத் தோட்டம் ஒன்றுக்குள் ஒன்று. உங்கள் பிறந்த வீடுதான் நான் வாழ வந்த வீடு. என் பிறந்த வீடுதான் நீங்கள் வாழப் போன வீடு. "ரெண்டு புள்ளைகளும் கண்ணுக்கு முன்னாடியே இருக்கும்" என்று பெரியவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மற்ற பெண்களுக்குப் புருஷனோடு சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. ஒரு ஆடி மாதம் எங்கள் அண்ணன் என்னவோ சொன்னாரென்று நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். 'எங்க அக்காவ அழ விட்டாகளா, அப்ப நீயும் உங்க வீட்டுக்குப் போ' என்று உங்கள் தம்பி என் கையில் ஒரு பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். தெருக்குழாய்ப் பக்கம் எதிரெதிரே வந்து நின்றோம்.

"எங்கடி போற?"

"உங்க வீட்டுக்கு. நீங்க?"

"உங்க வீட்டுக்கு."

பிறகு நீங்கள்தான் கேட்டீர்கள். "உலை வச்சிட்டு வந்தியா?"

"வச்சிட்டேன்."

"நானும் வச்சிட்டேன். நீ போயி அங்கன அரிசியப் போடு. நான் இங்கன போடுறேன்."

என் உலையில் நீங்கள் சோறு வடித்தீர்கள், உங்கள் உலையில் நான் வடித்தேன். ஆண்கள் இரண்டு பேரும் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். சோற்றில் உப்பு குறைவென்று எங்கள் அண்ணன் மட்டும் சொன்னார். சாயங்காலம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். வேறெங்கே போக?

அன்றிலிருந்து நம் சட்டம் ஒன்றே ஒன்று. ஒருத்தி வெளியே போனால் ஒருத்தி இரண்டு வீட்டையும் பார்க்கவேண்டும். கல்யாணத்துக்கு நீங்கள் போனால் வளைகாப்புக்கு நான். சாவு வீட்டுக்குக்கூட முறை வைத்துத்தான் போனோம், காலையில் நீங்கள் அழுவீர்கள், மத்தியானம் நான் போய் அழுவேன். "ஏத்தா, ரெண்டு பேரும் சேந்து வந்து ஒரு நாளாவது அழுகக் கூடாதா?" என்று பெரிய வீட்டுச் சித்தி கேட்டார்களே! ஆண்களுக்குச் சாப்பாடு, தோட்டத்து ஆட்களுக்குச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் தொழுவத்து மகாராணி செவலை. பொம்பளை கை தவிர வேறு கை பட்டால் பாலை மேலே ஏற்றிக்கொண்டு நிற்கும். காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. நம் இருவரில் ஒருத்தி எப்போதும் அதன் முளைக்குச்சியிலேயே கட்டுண்டு கிடந்தாள். மாட்டுக்காவது கயிறு கண்ணுக்குத் தெரியும்.

நாம் இருவரும் ஒன்றாக வெளியே தங்கியது ஒரே தடவை. தேனி ஆஸ்பத்திரியில், பதினோரு நாள்.

அதையும் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் பாருங்கள். செவலை நிறைசினையாக இருந்து கறவை வற்றிய நேரம் பார்த்துத்தான் நோயில் விழுந்தீர்கள். கண்ணெல்லாம் மஞ்சள், காலெல்லாம் வீக்கம். அப்போதும், "நல்ல வேள, மாடு வத்திருச்சு. நீயும் கூட வந்துரலாம்" என்று சொன்ன ஆள் நீங்கள்.

அந்தப் பதினோரு நாளும் நமக்குத் தேக்கடிப் பேச்சுதான். எந்தச் சேலை கட்டுவது, புளிச்சோறா தயிர்ச்சோறா, அட்டைப்பூச்சிக்கு உப்பா மூக்குப்பொடியா. "புலி வந்தா என்ன மதினி பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "ஓங்க அண்ணனப் பாத்தே முப்பது வருசம் பயந்துட்டேன். புலி என்னடி பண்ணும்?" என்றீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எத்தனை தடவ போயிருக்கீக?" என்று அவள் கேட்டபோது நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளிடம் பொய் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தேன். பதினோரு நாளும் ஆண்கள் இரண்டு பேரும் கடையில் இட்லி, புரோட்டா என்று வாங்கிச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். துணிகூடத் துவைத்துப் போட்டிருந்தார்கள். நாம் இல்லாவிட்டால் வீடு விழுந்துவிடும் என்று முப்பது வருடம் முட்டுக் கொடுத்து நின்றோம் மதினி. வீடு விழவில்லை. விழுந்தது நீங்கள் மட்டும்தான்.

இதை யாரிடம் சொல்வது? பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். போனில் சொன்னால், "அம்மா, சும்மா எதையாவது நெனைக்காத" என்பார்கள்.

செவலை கன்று போட்டது உங்களுக்குத் தெரியாதே! நீங்கள் போய் ஒன்றரை மாதத்தில். கிடாரி. நெற்றியில் வெள்ளை. உங்களைப்போலவே எதைப் பார்த்தாலும் முகத்தைச் சுளிக்கிறது. தாய், எனக்கே முதல் பத்து நாள் சண்டை போட்டுத்தான் பால் விட்டது. நாலு ஈத்துக்கும் பெரும்பாலும் உங்கள் கைதானே? இப்போது இரண்டு கறவையும் நான்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. எங்கள் அண்ணன் இங்கே வந்து சாப்பிடுகிறார். முன்பெல்லாம் உப்பு குறைந்தால் சொல்வார். இப்போது போட மறந்தாலும் சொல்வதில்லை.

முன்பு முறை மாற்றிக்கொள்ள நீங்களாவது இருந்தீர்கள். இப்போது முறை மாற்ற ஆளே இல்லை. சந்தைக்குப் போனாலும் மணியைப் பார்த்துக்கொண்டே போகிறேன். போன மாதம் தோட்டத்து முகப்பில் ஒரு வேன் நின்றது. "இங்கேர்ந்து தேக்கடி எவ்வளவு தூரம்?" என்று ஒரு பொண்ணு கேட்டது. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அன்று மத்தியானம் உங்கள் தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"தேக்கடிக்குப் போறேன்."

"எதுக்கு?"

"யானை பாக்க."

"யானைய எதுக்கு அம்புட்டுத் தூரம் போயிப் பாக்கணும்? கூடலூர்ப் பக்கம் தோட்டத்துக்குள்ளயே வருதே."

"அது உங்களப் பாக்க வருது. நான் அதப் பாக்கப் போறேன்."

சோற்றைப் பிசைந்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "கறவை?"

அவ்வளவுதான். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார்.

நான் விடவில்லை. இ-சேவைக் கடைப் பொண்ணிடம் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். காலையில் ஒரு படகு, மத்தியானம், சாயங்காலம் என்று போகிறதாம். காலைப் படகு என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்துக் குமுளி போய்ச் சரணாலய வாசலில் நிற்கவேண்டும். அப்படியென்றால் காலைக் கறவை போச்சு. சாயங்காலப் படகு என்றால் சாயங்காலக் கறவை போச்சு.

"மத்தியானப் படகுல போயேன்" என்றார் உங்கள் தம்பி. பெரிய வழி கண்டுபிடித்துவிட்ட முகம். "காலைல கறந்துட்டுக் கெளம்புனா, சாயங்காலக் கறவைக்கு வந்துரலாம்."

அதையும் போய்க் கேட்டேன். அந்தப் பொண்ணு உதட்டைப் பிதுக்கினாள். "மத்தியானம் போனா தண்ணியும் பட்ட மரமுந்தான் தெரியும் அத்தை. யானை, காட்டெருமையெல்லாம் காலைலயும் பொழுது சாயுறப்பவுந்தான் தண்ணிக்கு வரும்."

பார்த்தீர்களா மதினி, யானைகூட நம் கறவை நேரம் பார்த்துத்தான் வெளியே வருகிறது!

"சரணாலயம்னா என்னத்தா?" என்று அவளிடம் கேட்டேன். "யாரும் தொந்தரவு பண்ணாம மிருகங்க அதுபாட்டுக்கு இருக்குறதுக்கு ஒதுக்குன எடம்" என்றாள். "பொம்பளைகளுக்கு எங்கயாச்சும் ஒதுக்கியிருக்காகளா, அதுல தட்டிப் பாரு" என்றேன். பைத்தியக்காரி, நிஜமாகவே தட்டப் போனாள்.

உங்கள் தம்பி, "மாடு வத்தட்டும், அப்பறம் போ" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடு வற்றுகிற நேரம் பார்த்துப் போன ஆளை நான் பார்த்திருக்கிறேனே.

அப்போது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் அண்ணன் தலையைத் தூக்காமல் சொன்னார். "நான் கறக்குறேன்."

யார்? 'ரெண்டு பேரும் ஒரே நாள்ல போனா வீடு என்னத்துக்காகும்' என்று பன்னிரண்டு வருடம் கேட்ட அதே மனுஷன். "மச்சான் கறக்குறாகளாம்!" என்று உங்கள் தம்பிக்குப் புரையேறியது.

மறுநாள் காலையில் உட்கார்ந்தார். செவலை திரும்பி ஒரு பார்வை பார்த்தது. காலைத் தூக்கி ஒரு உதை. குண்டா ஒரு பக்கம், எங்கள் அண்ணன் ஒரு பக்கம். அதற்கடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் பால் சொசைட்டியில் பால் ஊற்றப் போனபோது, எனக்கு முன்னால் நின்ற செல்லத்தாயியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு எஞ்சேலையச் சுத்திக்கிட்டுத்தான் உக்காருவாரு. மாட்டுக்கு மூக்குதான கண்ணு? சேல வாசத்துக்கு நாமதான்னு நெனச்சு சொரந்துரும். எங்க தெருவுல முக்காவாசி ஆம்பளைக அப்பிடித்தான். வெளிய சொல்ல மாட்டாக" என்றாள்.

அன்றைக்கு நீங்கள் இருந்திருக்கவேண்டும் மதினி. எங்கள் அண்ணன், ஊரில் நாலு பேருக்குத் தீர்ப்புச் சொல்கிற ஆள், என் பச்சைச் சேலையை வேட்டிக்கு மேலே சுற்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குள் நுழைந்தார்.

"அண்ணே, பொட்டு வச்சு விடவா?" என்றேன்.

"மச்சான், இந்த நடையப் பாத்தா பொண்ணு கேட்டு வந்துருவாக" என்றார் உங்கள் தம்பி.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. மாடு மெரளும்" என்றார். மீசைக்குக் கீழே அவருக்கே சிரிப்பு.

செவலை சேலையை மோந்து பார்த்தது. கொஞ்சம் அசந்தது. நாலு பீச்சு பால் வந்தது. பிறகு கழுத்தைத் திருப்பி, முன்னால் நிற்கிற என்னைப் பார்த்தது. என் வாசம் ஓரிடத்திலும் நான் ஓரிடத்திலும் இருந்தால் அதுதான் என்ன செய்யும்? மடியை இறுக்கிக்கொண்டது. அடுத்த வேளை நான் மறைந்து நின்றும் பார்த்தேன். சேலை தெரிந்த சேலை, கை தெரியாத கை என்று மறுபடி உதை.

எங்கள் அண்ணன் என் சேலையை மடித்துக் கையில் கொடுத்துக்கொண்டே தரையைப் பார்த்துக் கேட்டார். "ஆத்தா, அவ சேல ஏதும் கெடக்கா? தொழுவத்துக்குக் கட்டுவாளே, ஊதாக் கலரு. அதக் கட்டுனா வீட்டுப் பழைய கைதான்னு மாடு நம்பும்."

நான் பட்டென்று சொன்னேன். "கருமாதி அன்னைக்கே எல்லாத்தையும் குடுத்தாச்சுண்ணே."

பொய் மதினி.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் சாணி அள்ளிவிட்டு அந்த ஊதாச் சேலையை அவிழ்த்துத் தொழுவத்துக் கொடியில் போட்டீர்கள், வந்து துவைத்துக்கொள்கிறேன் என்று. உங்களை எரித்த மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். கொடியில் கிடந்தது. மற்ற சேலைகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். அதை மட்டும் ஒரு பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, என் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

எப்போதாவது கட்டை அவிழ்த்து முகத்தை உள்ளே விடுவேன். நல்லெண்ணெய், அடுப்புப் புகை, வைக்கோல். அப்புறம் மூக்குப்பொடி. மூக்குப்பொடி போடுவதே இல்லை என்று முப்பது வருடம் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே, மாட்டிக்கொண்டீர்கள்! வாசம் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று கஞ்சத்தனமாகத்தான் திறப்பேன். தீபாவளிக்கு ஒரு தரம். உங்கள் தம்பி கத்தின ஒரு நாள் ஒரு தரம். சும்மா ஒரு தரம்.

உங்களிடம் இருந்து எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். அதைத் தொழுவத்துக்குக் கொடுத்தால் நாலே நாளில் பாலும் சாணியும் அண்ணன் வேர்வையுமாகிவிடும். கொடுக்காவிட்டால் காலைப் படகு இல்லை. செல்லத்தாயி சொன்னாள், ஒரு நாள் மட்டும் கட்டினால் போதாதாம், மாடு கைக்குப் பழகும்வரை தினமும் கட்டவேண்டுமாம்.

இரண்டு நாள் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. அந்தப் பையை நான்தான் இறுக்கிக் கட்டினேன். ஆனால் எது யாரைக் கட்டிவைத்திருக்கிறது? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். 'அழுக்குச் சேலைய வச்சு என்னடி பூசை பண்ற?' என்றுதான் காதில் விழுந்தது. அது நீங்கள் சொன்னதா, கிளம்புகிற ஆசையில் நானே சொல்லிக்கொண்டதா? இன்னும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பையை எடுத்துப்போய் எங்கள் அண்ணன் கையில் கொடுத்தேன்.

"குடுத்தாச்சுன்னியே?"

"பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"அன்னைக்குக் கொடியில இருந்து நீ எடுத்தத வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ எடுக்காட்டி நான் எடுத்திருப்பேன்."

எட்டு மாதம் ஒரே அடுப்புச் சோறு சாப்பிட்டோம், இதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை பாருங்கள்.

சேலையை உதறிச் சுற்றிக்கொண்டார். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் அப்படியே மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். நான் கன்றைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் போனதும் செவலை மூச்சை இழுத்தது. முந்தானையை நக்கியது. திரும்பத் திரும்ப நக்கியது. வாலை ஆட்டாமல் நின்றது. மடி இளகியது. எங்கள் அண்ணன், நீங்கள் செய்வதுபோலவே, நெற்றியை மாட்டு விலாவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். குண்டாவில் சர்ரு சர்ரு என்று பால் இறங்குகிற சத்தம். முகம் தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

கேலி பேசத்தான் உங்கள் தம்பி வந்தார். போய்க் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்றோடு ஆறு நாள் ஆகிறது. இப்போது உதையில்லை. காலைப் படகுக்கே டிக்கெட் எடுத்தாயிற்று, அந்தப் பொண்ணுதான் எடுத்துக் கொடுத்தாள். சேலை மறுபடி தொழுவத்துக் கொடியில் தொங்குகிறது. இன்று காலையில் போய் மோந்து பார்த்தேன். மூக்குப்பொடி போய்விட்டது. எண்ணெய் வாசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமைக்குள் ஒன்றும் இருக்காது. துவைத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். இன்னும் நாலு நாள் போகட்டும் என்றேன்.

ஒரு நாள்தான். வெள்ளிக்கிழமை விடியும் முன் நான் மறுபடி எழுந்து இரண்டு வீட்டு உலையையும் ஒரே அடுப்பில் வைக்கத்தான் போகிறேன். ஒரு படகு போய்வந்து என்ன மாறிவிடும் என்று உங்கள் தம்பி கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. யானை வருமா என்றும் தெரியவில்லை. பனி மூடினால் கரையே தெரியாதாம்.

ஆனாலும் மதினி, விலை கொஞ்சமா கொடுத்திருக்கிறேன்? அதனால் உங்களுக்கு ஒரு வாக்கு. முந்தின நாளே இரண்டு பேருக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போகமாட்டேன். காலைப் படகை முடித்துக்கொண்டு சாயங்காலக் கறவைக்கு விழுந்தடித்து ஓடிவரமாட்டேன். படகு நடுத்தண்ணீரில் நிற்கும்போது, பொம்பளை புத்தி, 'கறந்தாச்சா, மாடு விட்டுச்சா' என்று கேட்கக் கை போனுக்குத்தான் போகும். போன் போடமாட்டேன். கரையைத்தான் பார்ப்பேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் தம்பி பெண்டாட்டியும்
உங்கள் வீட்டுக்காரரின் தங்கச்சியுமான
பஞ்சவர்ணம்